விளங்காத வேளையிலும் வலை வீசுவோம்



கெனசரேத்து ஏரிக்கரையில் நிகழ்ந்ததொரு காட்சியை லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் நம் கண்முன் நிறுத்துகின்றது. இரவு முழுவதும் வலை வீசியும் வெறும் படகோடு திரும்பிய மீனவர்கள் கரையில் தம் வலைகளை அலசிக்கொண்டிருக்கின்றனர். அவ்வேளையில் நாசரேத்தூர்த் தச்சர் ஒருவர், மீன்பிடியையே வாழ்வாகக் கொண்ட சீமோன் பேதுருவிடம், ஆழத்துக்குப் போய் மறுபடியும் வலைகளை இறக்குமாறு பணிக்கின்றார்.

மன்னாரிலும் நாவாந்துறையிலும் நீர்கொழும்பிலும் கடலை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு இப்பணிப்பின் கனம் நன்கு விளங்கும். இரவில் அகப்படாத மீன் பகல் வெயிலில் அகப்படும் என எந்தச் சம்மாட்டியாரும் எதிர்பார்க்கமாட்டார். அலசி முடித்த வலையை மீண்டும் நனைப்பது களைத்த உடலுக்கு இன்னுமொரு சுமை.

பேதுரு தம் ஐயத்தை மறைக்கவில்லை. இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஆயினும், சொன்னவர் இயேசு என்பதற்காக வலையை இறக்கினார். வலைகள் கிழியுமளவுக்கு மீன்கள் அகப்பட்டன. அதன் பின்னராவது அவருக்கு விளக்கம் கிடைத்ததா? இல்லை. மனிதரைப் பிடிப்பவராவீர் என்ற, முன்னதைவிடவும் விளங்காத அழைப்பே கிடைத்தது. பிடித்த மீனையும் கரையில் விட்டுவிட்டு அவர்கள் ஆண்டவரைப் பின்தொடர்ந்தார்கள். பேதுருவுக்கு விளக்கம் கிடைக்கவில்லை, ஆண்டவர் கிடைத்தார்.

நம் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய கீழ்ப்படிதலைக் காண்கின்றோம். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கருக்குப் பணியாற்ற வேண்டுமென்று கோவாவிலிருந்த யோசேவாஸ் அடிகளார் ஏங்கினார். ஆனால், 1681ஆம் ஆண்டு மேலிடம் அவரைக் கனராவுக்கே அனுப்பியது. தாம் கேட்டது ஒன்று, கொடுக்கப்பட்டது வேறொன்று. அவர் பணிந்து சென்றார். பின்னர் 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றோட்ட நோய் அவரை வீழ்த்தியிருந்தது. 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய உளவாளியெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார்.

தம்மை அழைத்த இறைவன் ஏன் நோயையும் சிறையையும் அனுமதித்தார் என்பது அன்று அவருக்கு விளங்கியிருக்குமா? அச்சிறையிலேயே அவர் சிங்களம் கற்றார். பின்பு அந்நகரிலேயே, 1697ஆம் ஆண்டு பெரியம்மை பரவியபோது, பிறர் அஞ்சி விலகிய நோயாளரைத் தம் கைகளால் பராமரித்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது திரண்டிருந்த மக்கள் வெள்ளத்தை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

புனிதர்களின் வாழ்வை முடிவிலிருந்து பார்ப்பதால் நமக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றது. நம் வாழ்வையோ நாம் நடுவில் நின்று பார்க்கின்றோம். இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியிலுள்ள ஒரு பங்கில் பணியாற்றினேன். 2009இல் போரின் இறுதி நாள்களில் மகனைத் தொலைத்த அத்தாயார் நாள்தோறும் திருப்பலிக்கு வருவார். ஒருநாள் அவருக்கு ஆறுதல் கூற எண்ணி, துன்பத்தைப் பற்றிக் குருமடத்தில் கற்றவற்றை விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "விளங்கினாப் பிறகுதான் வாறதெண்டா நான் எப்பவோ கோயிலுக்கு வராம விட்டிருப்பன், சுவாமி. அவரை விட்டால் நான் ஆரிட்டப் போறது?"

என் விளக்கம் அத்தோடு நின்றுபோயிற்று. பலர் இயேசுவை விட்டு விலகிய வேளையில் பேதுரு கேட்ட கேள்வியை (யோவான் 6:68) அத்தாயார் தம் கண்ணீரிலிருந்தே கேட்டார்.

அதே தாயார், மகனின் படத்தை ஏந்தியவாறு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு வீதியோரத்திலும் அமர்ந்திருந்தார். இதை நாம் மறந்துவிடலாகாது. விளங்காமல் கீழ்ப்படிவது என்பது, மனிதர் இழைத்த அநீதியை இறைசித்தமெனக் கூறி வாய்மூடியிருப்பதன்று. அன்னை மரியா, இது எவ்வாறு நிகழும் என்று வானதூதரிடம் கேட்ட பின்னரே தம்மைக் கையளித்தார். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும், ஏன் கைவிட்டீர் என்று தந்தையை நோக்கிக் கதறினார். அத்தந்தையின் கைகளிலேயே தம் உயிரையும் ஒப்படைத்தார். கேள்வியும் நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் வாழலாம். கேள்வியோடு அவரிடம் செல்கின்றோமா, கேள்வியைக் காரணங்காட்டி அவரைவிட்டுச் செல்கின்றோமா என்பதே நம்முன் உள்ள தெரிவு.

அன்பர்களே, முழுப் பாதையும் தெரிந்த பின்னர் புறப்படுவோம் எனக் காத்திருப்பவர் புறப்படுவதேயில்லை. ஆனால், அடுத்த அடி எதுவென்பது பெரும்பாலும் நமக்குத் தெரியும். காணித் தகராற்றால் பேச்சை நிறுத்திவிட்ட சகோதரனின் படலையைத் தட்டுவது. குணமடையாத நோயாளியின் அருகில் இன்னுமொரு நாள் அமர்ந்திருப்பது. நின்றுபோன குடும்பச் செபமாலையை இன்றிரவு மீண்டும் தொடங்குவது. இவற்றுக்குப் பெரும் விளக்கங்கள் தேவையில்லை. அலசி வைத்த வலையை மீண்டும் கையிலெடுக்கும் துணிவே தேவை.

ஆண்டவரே, உமது வழிகள் எமக்கு விளங்காத வேளைகளிலும் உம்மை விட்டு நாம் விலகாதிருக்க வரமருளும். ஆமென்.