வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம் கத்தோலிக்கருக்குப் பழம்பெருமை வாய்ந்த ஸ்தலம். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்றது இவ்வூரிலேதான். அங்கே 1872-ல் எழும்பிய பெரிய கோவிலோ விசித்திரமானது. பீடம் ஒன்று, அதை நோக்கிய மண்டபங்கள் இரண்டு. வேளாளரும் அவரைச் சார்ந்தோரும் ஒருபுறம், நாடார் மறுபுறம் நின்று தொழ, இடையே ஒரு சுவர்! கால்சட்டை போலப் பிரிந்த இக்கட்டடத்தை என்னென்பது? பாதிரிமாரும் அன்று ஜாதிக்குப் பணிந்தே அஸ்திவாரமிட்டனர்.

1910-ல் கௌசானல் பாதிரியார் அச்சுவரை இடிப்பித்தார். மதுரை மீனாட்சி ஆலயத்தில் நாடார்களும் ஹரிஜனங்களும் பிரவேசித்தது 1939-லேதான் என்பதை நேயர்கள் இங்கு நினைவு கூர்வாராக. சுவரிழந்த வேளாளர் நியாயஸ்தலம் ஏறினர். வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்றது. கோவிலுக்குள் ஜாதிக்கென்று தனியிடம் கோரும் பாத்தியதை அவர்களுக்கு இல்லையென்றே தீர்ப்பாயிற்று.