கொடியில் காயும் யோசனைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு குதிரை லாடம் போல வளைந்து ஓடும் இடத்தில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம்தான் சாலை. பருத்திப் பண்ணைகளில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர் இது. பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே, இன்றும் இங்கே பலருக்குப் பெயரோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் உலகம் இந்த ஊரை அறிந்தது ஒட்டுத்துணிப் போர்வைகளால்.

பருவம் மாறி நல்ல வெயில் அடிக்கும் நாட்களில், போர்வைகளை வெளியே எடுத்துக் கொடியில் உலர்த்துவது ஊர் வழக்கம். அப்போது பெண்கள் நடந்தே போய், யார் வீட்டில் என்ன தொங்குகிறது என்று பார்த்து வருவார்கள். ஒரு வீட்டுச் சிவப்புப் பட்டையும் இன்னொரு வீட்டுக் கோணல் கட்டமும் கண்ணில் தங்கிவிடும். ஆனால் யாரும் அப்படியே பார்த்துத் தைப்பதில்லை. கட்டத்துக்குள் கட்டமாக விரியும் ‘ஹவுஸ்டாப்’ என்ற ஒரே அமைப்பை எத்தனையோ பேர் தைத்திருக்கிறார்கள். ஒருவர் போர்வை இன்னொருவர் போர்வையைப் போல இருக்காது.

ஆசை ஆசையாய் வாங்கிய தையல் மெஷின் சில மாதங்களிலேயே உறை போட்டு மூலைக்குப் போய்விடுகிறதே என்று வருந்துகிறவர்கள், இந்த ஊரின் வேலை முறையைக் கவனிக்க வேண்டும். துண்டுகளை அடுக்கி, இணைத்து, மேல்துணியை உருவாக்குவது தனி ஆள் வேலை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது அவரவர் முடிவு. அதன் பிறகு மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். மூன்று நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, தேவாலயப் பாடல்களைப் பாடியபடி ஓட்டுத் தையல் போட்டு முடிப்பார்கள். யோசிக்கத் தனிமையும், முடிக்கத் துணையும் கிடைத்துவிடுகின்றன. வீட்டில் பாதியில் நிற்கும் தையல் வேலைகளில் பலவற்றுக்கு இந்த இரண்டாவது பாதிதான் வாய்ப்பதில்லை.

இந்த ஊர்ப் பெண்ணான மிசூரி பெட்வே 1942இல் தைத்த போர்வை ஒன்று உண்டு. கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலை உடைகளையே வெட்டித் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்திப் படுக்கவும். இந்த ஊரின் வேலையுடைப் போர்வைகளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வயலில் மண்டியிட்ட முழங்கால் பகுதி வெளுத்திருக்கும். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக நிற்கும். எந்தத் துணிக்கடையிலும் வாங்க முடியாத நிறங்கள் அவை.

1966இல் இந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். வாக்குரிமைப் போராட்டத்தின் காலம் அது. வாக்காளர் பதிவுக்காக மக்கள் ஆற்றைக் கடக்கிறார்கள் என்று, 1962இலேயே அதிகாரிகள் படகுப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். மறுபடி படகு ஓடியது 2006இல்தான். 1972இல் சியர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் இந்தக் கூட்டுறவுக்குக் கார்டுராய் தலையணை உறைகளுக்கான ஆர்டர் கொடுத்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. மீந்த கார்டுராய் துண்டுகள் மட்டும் வீட்டுக்கு வந்தன. ஆர்டர் வேலை அனுமதிக்காத கோணல்களும் துணிச்சலான நிறச் சேர்க்கைகளும் அந்தத் துண்டுகளில் பிறந்தன. காசுக்கு நாள் முழுக்கத் தைத்துவிட்டு, வீடு திரும்பியதும் தங்களுக்காக மறுபடி ஊசி எடுத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குத் தையலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

புகழ் பிறகு வந்தது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதையடுத்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி. 2006இல் பத்துப் போர்வைகள் தபால்தலையில். 2022 முதல் உலர்த்தும் வழக்கமே அக்டோபரில் விழாவாக நடக்கிறது. வெளியூர்த் தையல் பிரியர்கள் அங்கே போய், ஊர்ப் பெண்களிடமே உட்கார்ந்து கற்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே கர்நாடகம் இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு ‘கவந்த்’ போர்வைகள் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வைத்து உள்நோக்கி வருவார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிப் பூ இருந்தாக வேண்டும். சென்னையிலும் 2019இல் இந்திய குவில்ட் விழா நடந்திருக்கிறது. அதாவது, துணை தேடுகிறவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள்.

விழா வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மேலைநாட்டுத் தையல் குழுக்களில் ‘ரவுண்ட் ராபின்’ என்றொரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நடுக்கட்டம் தைத்து, அதைத் தோழியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் தன் விருப்பப்படி சுற்றிலும் ஒரு கரை சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார். நான்கு பேர் போதும். பழைய காட்டன் சேலை, வேட்டி, ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் போதும். மாதம் ஒரு கரை என்று வைத்துக்கொண்டால், மூன்று பேர் கை பட்டு மூன்றே மாதத்தில் துணி திரும்பிவிடும். அதுவரை தன் துணி என்ன ஆனது என்று கேட்கவே கூடாது என்பது பல குழுக்களில் கறாரான விதி.