நத்தாருக்கு ஒரு வாசனை மா



நத்தார் நெருங்கிவிட்டால் டவுனுக்கு வரும் நம் பிள்ளைகளின் கண், கடை வாசலில் தொங்கும் விளையாட்டுச் சாமான்களில்தான் நிற்கும். "அடுத்த சம்பளத்துக்குப் பார்ப்போம், வா" என்று நாமும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு அடுப்பிலேயே செய்து கொடுக்கக்கூடிய வாசனை விளையாட்டு மாவைப் பற்றி இம்முறை சொல்கிறேன்.

கடையில் டப்பாவில் விற்கும் 'பிளே டோ' முதலில் விளையாட்டுச் சாமானே அல்ல. அமெரிக்காவில் நிலக்கரிப் புகை படிந்த சுவர்க் காகிதத்தைத் துடைப்பதற்குச் செய்த மா அது. ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டு மாவாகக் கடைக்கு வந்தது.

மாவை உருட்டி, தட்டி, கிள்ளி விளையாடும்போது பிள்ளையின் விரல்களுக்குப் பலம் வருகிறது. பென்சில் பிடிக்கவும், சட்டைப் பொத்தான் போடவும் அந்தப் பலம் வேண்டும். கொழுந்து கிள்ளும் தாய்மாருக்கு விரல் பழக்கத்தின் அருமையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தேவையான பொருட்கள்:
கோதுமை மா – 1 கோப்பை
தூள் உப்பு – அரைக் கோப்பை
தண்ணீர் – 1 கோப்பை
தேங்காய் எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
தேசிக்காய்ச் சாறு – 1 மேசைக்கரண்டி
கறுவாத் தூள் – 2 தேக்கரண்டி
கராம்பு – 4, இடித்துச் சலித்தது

செய்யும் முறை:
1. மா, உப்பு, கறுவா, கராம்பு எல்லாவற்றையும் சட்டியில் கலந்துகொள்ளுங்கள்.
2. தண்ணீர், எண்ணெய், தேசிக்காய்ச் சாறு ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள்.
3. தணலில் வைத்து அகப்பையால் விடாமல் கிண்டுங்கள். சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்ததும் இறக்குங்கள்.
4. சூடு ஆறியதும் நன்றாகப் பிசைந்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

கறுவா சேர்த்த மா பழுப்பு நிறமாக இருக்கும். மஞ்சள் நிறம் வேண்டுமானால் கறுவாவுக்கும் கராம்புக்கும் பதிலாக மஞ்சள் தூளும் ஏலக்காய்த் தூளும் போடலாம். நம் மலைநாட்டுப் பனியில் மா ஈரம் பிடிக்கும். அப்போது பச்சை மா சேர்க்காதீர்கள். பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம். மீண்டும் சட்டியில் போட்டு இரண்டு நிமிடம் கிண்டினால் போதும். பூசணம் பிடித்தால் வைத்திருக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். எங்கள் பிள்ளைக் காம்பராவில் இந்த மாவைச் செய்த அன்று மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, "கேக்கு!" என்று ஒரு வாய் கடித்துவிட்டது. உப்புக் கரித்ததால் உடனே துப்பியது. நல்ல வேளை! தேசிக்காய் அளவு உருண்டையில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு இருக்கிறது. சின்னப் பிள்ளையின் உடம்பு அதைத் தாங்காது. ஆகையால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் இதைக் கொடுக்கவே கூடாது. மற்றப் பிள்ளைகள் விளையாடும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை விழுங்கிவிட்டால் வாயைக் கழுவி, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அது ஆபத்து. அதிகமாக விழுங்கியிருந்தாலோ, வாந்தி, கடும் தாகம், சோர்வு கண்டாலோ உடனே தோட்ட டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள். வீசும் மாவை நாய் தின்றாலும் ஆபத்துத்தான். குழி தோண்டிப் புதையுங்கள்.

"சாப்பிடுற மாவை விளையாடக் குடுக்கிறதா?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வண்டு விழுந்த மாவைச் சலித்து எடுத்தாலும் இதற்குப் போதும். ஒரு கோப்பை மாவில் நாலைந்து பிள்ளைகள் பல நாள் விளையாடலாம். ஆனால் ரொட்டிக்கே மா இல்லாத வாரத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஆற்றோரக் களிமண்ணும் நல்ல விளையாட்டு மாதான்.

நத்தார் குடிலுக்கு ஆடு, மாடு, நட்சத்திரம் செய்ய லயத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிடுங்கள். மார்கழியில் வாசலில் பிள்ளையார் பிடிக்கும் கைகளும் அதில் சேரட்டும். மலையிலிருந்து களைத்து வந்தாலும், ஒரு கால் மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். கடைச் சாமானில் கிடைக்காதது அதுதான்.