சிறுநீரகத்தோடு ஸ்டெம் செல்லும்

காக்கும் மாத்திரை, கெடுக்கும் மாத்திரை

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கு டயாலிசிஸ் ஓய்கிறது, மாத்திரை ஓய்வதில்லை. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று வேளை தவறாமல் விழுங்க வேண்டும். நிறுத்தினால் உடலின் எதிர்ப்பாற்றல் புதிய சிறுநீரகத்தை அந்நியமாகக் கண்டு தாக்கும். விழுங்கினாலோ சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கைநடுக்கம், தொற்று, சில வகைப் புற்றுநோய் என்று வேறு ஆபத்துகள். இவற்றில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று: டாக்ரோலிமஸ் தான் காக்க வேண்டிய சிறுநீரகத்தையே ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கக்கூடியது.

கன்றுக்குட்டிகள் காட்டிய வழி

1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் இந்தச் சிக்கலே எழவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர்கள்.

மற்றவர்களுக்கு என்ன வழி? அதன் தடயம் மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. கருப்பையில் ரத்தம் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள் பிறந்த பிறகும் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று சுமக்கின்றன என்று 1945-ல் ரே ஓவன் கண்டார். பிறகு பீட்டர் மெடாவர் குழுவினர் சுண்டெலிகளில் இதைச் செயற்கையாகவே நிகழ்த்தினார்கள். பிறவிக்கு முன்பே அயல் அணுக்களைப் பெற்ற சுண்டெலி, அந்த அணுக்களைத் தந்த இனத்தின் தோலை ஒட்டியபோது ஏற்றுக்கொண்டது.

எதிர்ப்பாற்றல் அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களிலிருந்து. ஆகவே சிறுநீரகம் தருபவரிடமிருந்தே ஸ்டெம் செல்லையும் வாங்கிச் செலுத்தினால், இருவரின் எதிர்ப்பாற்றலும் ஓருடலில் குடியிருக்கும். புதிய சிறுநீரகம் அந்நியமாகத் தெரியாது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் முறையில், கொடையாளருக்கு ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தால் பிரித்தெடுக்கிறார்கள். பெறுபவருக்கு அறுவை சிகிச்சை முடிந்த நாட்களில் நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், தைமஸ் ஆகியவற்றில் குறைந்த அளவு கதிர்வீச்சும் எதிர்ப்பாற்றலின் டி அணுக்களை ஒடுக்கும் மருந்தும் தருகிறார்கள். பிறகு ஸ்டெம் செல். ரத்தத்தில் கொடையாளரின் அணுக்கள் நிலைத்திருப்பதைச் சோதித்துக்கொண்டே, மாதங்கள் கழித்துத்தான் மாத்திரையைக் குறைக்கிறார்கள்.

பலன் எவ்வளவு?

2008-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இந்தக் கருத்தை ஒட்டிச் சிகிச்சை பெற்ற 5 பேரின் அனுபவத்தை வெளியிட்டது. திசுப் பொருத்தம் பாதியே இருந்தும், 4 பேர் 9 முதல் 14 மாதங்களுக்குள் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். கொடையாளரின் அணுக்கள் சீக்கிரமே மறைந்துவிட்டன. சிறுநீரகம் மட்டும் நிலைத்தது! ஐந்தாமவருக்கு அது நிராகரிக்கப்பட்டது. இதே முறையில் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் பின்னாளில் மாத்திரைக்குத் திரும்ப நேர்ந்தது.

2022-ல் ஸ்டான்போர்டு மருத்துவர்கள், அரிய மரபணு நோயுள்ள 3 குழந்தைகளுக்குப் பெற்றோரின் ஸ்டெம் செல்லை முதலில் செலுத்தி, மாதங்கள் கழித்து அதே பெற்றோரின் சிறுநீரகத்தைப் பொருத்திய செய்தியை வெளியிட்டார்கள். மூவரும் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து இல்லாமல் இருந்தார்கள்.

ஆபத்தும் எச்சரிக்கையும்

செலுத்தப்பட்ட அணுக்கள் பெற்றவரின் தோல், குடல், கல்லீரலையே தாக்கலாம். அமெரிக்காவில் வேறொரு முறையைச் சோதித்த ஆய்வில் இத்தகைய தாக்குதலால் ஒரு நோயாளி இறந்தார். 2023-ல் அந்த ஆய்வு கைவிடப்பட்டது. கதிர்வீச்சும் கடும் மருந்துகளும் சேர்வதால், பிள்ளைப்பேறு வாய்ப்பு பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நன்றாக வேலை செய்யும் சிறுநீரகம் அதனால் பறிபோகலாம். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் போதும்" என்று பணம் கேட்கும் விளம்பரங்களுக்கும் மேலே சொன்ன ஆய்வுகளுக்கும் தொடர்பே இல்லை.

இறந்தவர் தந்த சிறுநீரகம் என்றால்?

இதுவரை பலன் கண்டவர்கள் பெரும்பாலும் உயிரோடிருக்கும் உறவினரிடம் சிறுநீரகம் பெற்றவர்களே. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகக் காத்திருப்போருக்குக் கொடையாளர் யாரென்று முன்கூட்டித் தெரியாது. ஏற்பாடு செய்ய அவகாசமும் இல்லை. இறந்த கொடையாளரின் முதுகெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து உறைய வைத்து, சிறுநீரகம் பொருத்தி மாதங்கள் கழித்துச் செலுத்த முடியுமா என்று ஆராய்ந்துவருகிறார்கள்.