மின்சாரம் நின்றாலும் இணையம் நிற்காது!



சாரல் காலம் என்றால் நம் ஊருக்கே கொண்டாட்டம்தான். ஜூன் மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் குற்றாலத்தில் அருவி கொட்டும். தென்காசியில் லாட்ஜ், கடை, ஆட்டோ எல்லாவற்றுக்கும் நாலு காசு புரளும். ஆனால் அதே காற்றில்தான் மரக்கிளை ஒடிந்து மின்கம்பியில் விழுகிறது, கரண்டும் போகிறது. தூரத்தில் காற்றாலைகள் ஜோராகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருட்டில் உட்கார்ந்திருக்கும் யோகம் நமக்கு வாய்த்திருக்கிறது!

முன்பு கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் நிற்கும், அவ்வளவுதான். இப்போது இணையமும் சேர்ந்து நின்றுவிடுகிறது. நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தேர்வு முடிவு, உதவித்தொகை விண்ணப்பம், நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. விண்ணப்பம், கம்பெனி நேர்முகத் தேர்வு என்று எல்லாம் அதில்தான் நடக்கின்றன. கடைசித் தேதியன்று மாலை ஐந்து மணிக்கு கரண்ட் போனால், "எங்க ஊர்ல கரண்ட் இல்ல சார்" என்று யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் தெருவில் ஒரே ஃபைபர் இணைப்பை நம்பி மூன்று வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறோம். என் அம்மா பீடி சுற்றிக் கட்டுகிற மாதத் தவணைகளில் இந்த இணைப்பும் ஒன்று. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் இந்தப் பெட்டி அணைந்துபோவதை என்னால் சும்மா விட முடியவில்லை.

ஆச்சி கேட்ட கேள்வி

என் ஆச்சி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பல வருடம் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஒருநாள் கேட்டார்கள்: "ஏல, அந்தக் காலத்துல லாட்ஜ் பூரா இருட்டாக் கெடக்கும். ஆனா மேசை மேல இருந்த போன் மட்டும் மணி அடிக்கும். இப்ப இவ்ளோ படிச்சி, இவ்ளோ மிஷின் வந்தும் கரண்டு போனா எல்லாம் செத்துப் போகுதே, அது ஏம்ல?"

நல்ல கேள்வி. பதிலை நம் பாடத்திலேயே தேடலாம்.

பழைய தொலைபேசிக்கு மின்சாரம் வீட்டிலிருந்து போகவில்லை, எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. அங்கே 2 வோல்ட் லெட்-ஆசிட் செல்கள் 24-ஐத் தொடராக இணைத்து 48 வோல்ட் பேட்டரி வைத்திருப்பார்கள். பேசுவதற்கு வேண்டிய மின்சாரம் அதே செம்புக் கம்பி வழியாக நம் போனுக்கு வந்துவிடும். ஈ.பி. மின்சாரம் இருக்கும்போது ஒரு ரெக்டிஃபையர், பேட்டரியையும் எக்ஸ்சேஞ்சையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் பேட்டரி அப்படியே தொடர்ந்து கொடுக்கும். நடுவில் சுவிட்ச் மாறுகிற வேலையே கிடையாது. இதற்கு 'ஃப்ளோட்' முறை என்று பெயர்.

இப்போது வந்திருக்கும் ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி வரும், மின்சாரம் வராது. ஆகவே ஒளியை மின்சைகையாக மாற்றும் பெட்டிக்கு (ஓ.என்.டி. என்பார்கள்) நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். பேட்டரி வைத்திருந்து காப்பாற்றிய பொறுப்பு எக்ஸ்சேஞ்சை விட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. யாரும் நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்! ஆச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "எக்ஸ்சேஞ்சுல இருந்த பேட்டரிய இனிமே நாமதான் வீட்ல வைக்கணும், ஆச்சி."

முதலில் லைன் உயிரோடு இருக்கிறதா?

பேட்டரி வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஜிபான் என்ற முறையில் வரும் ஃபைபரில், நிலையத்துக்கும் நம் வீட்டுக்கும் இடையே 20 கிலோமீட்டர் வரை கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் இருக்க வேண்டியதில்லை. வழியில் உள்ள ஸ்ப்ளிட்டர், ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் வெறும் கண்ணாடிப் பொருள். நிலையத்தில் பேட்டரி இருந்தால் லைன் உயிரோடுதான் இருக்கும். ஆனால் சில இடங்களில் தெருக்கம்பத்துப் பெட்டியில் சுவிட்ச் வைத்து அங்கிருந்து இணைப்பு கொடுப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

எனவே அடுத்த கரண்ட் கட்டின்போது, யாரிடமாவது கம்ப்யூட்டர் யூபிஎஸ் இரவல் வாங்கி உங்கள் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, இணையமும் வந்தால் கவலையில்லை. 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் நீங்கள் எத்தனை பேட்டரி வைத்தும் பயனில்லை. இணைப்பு கொடுத்தவரிடம்தான் பேச வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தால் போதாதா?

இருப்பவர்களுக்குப் போதும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்வெர்ட்டர் 12 வோல்ட் டி.சி.யை 230 வோல்ட் ஏ.சி.யாக ஆக்குகிறது. நம் அடாப்டர் அதைத் திரும்பவும் 12 வோல்ட் டி.சி.யாக ஆக்குகிறது. மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை! ஒவ்வொரு மாற்றத்திலும் 80 சதவீதம் தேறுகிறது என்று வைத்தால், கடைசியில் கிடைப்பது 64 சதவீதம். இது தவிர இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே கொஞ்சம் சாப்பிடும். 8 வாட் பெட்டிக்காக அவ்வளவு பெரிய யானையைக் கட்டித் தீனி போட வேண்டாம். சில இன்வெர்ட்டர்கள் மாறும் நேரத்தில் பெட்டி அணைந்து எரிவதும் உண்டு. அது மறுபடி தயாராக இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

கணக்கு

அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் என்றிருக்கும். அது அதிகபட்ச அளவு. உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து (10 ஆம்பியர் துளையில்) பார்க்க வேண்டும். எங்கள் பெட்டி 0.7 ஆம்பியர் இழுக்கிறது. அதாவது 12 × 0.7 = 8.4 வாட். கன்வெர்ட்டரில் ஆகும் இழப்பையும் சேர்த்து 9.5 வாட் என்று கொள்வோம்.

கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்குமே, அந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். 12 × 7 = 84 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியை முழுக்க உறிஞ்சினால் ஆயுள் குறையும். 60 சதவீதம் மட்டும் எடுத்தால் சுமார் 50 வாட்-மணி. 50-ஐ 9.5-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 முதல் பிற்பகல் 2 மணி வரை நிறுத்துவார்களே, அதற்குச் சரியாக இருக்கிறது!

இணைக்கும் முறை

1. பழைய லேப்டாப் அடாப்டர் (19 வோல்ட்). 230 வோல்ட் சமாச்சாரம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அதைத் திறக்கவே வேண்டாம்.

2. அதிலிருந்து எக்ஸ்எல்4015 பக் மாட்யூல். வோல்ட்டேஜுக்கு ஒன்று, கரண்ட்டுக்கு ஒன்று என இரண்டு திருகுகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட்டை 1.5 ஆம்பியரில் வையுங்கள். பெட்டிக்கு 0.8 போனால் பேட்டரிக்கு 0.7 கிடைக்கும், ராத்திரிக்குள் நிரம்பிவிடும்.

3. மாட்யூலுக்குப் பின் ஒரு ஷாட்கி டையோடு (1என்5822, 3 ஆம்பியர்). கரண்ட் இல்லாதபோது பேட்டரி மின்சாரம் பின்னோக்கிப் போகாமல் இது தடுக்கும். டையோடில் கொஞ்சம் வோல்ட் விழும். ஆகவே மீட்டரை அதற்கு அந்தப் பக்கம், பேட்டரி முனையில் வைத்து, பேட்டரி நிரம்பிய பிறகு 13.6 வோல்ட் இருக்கும்படி திருக வேண்டும்.

4. பேட்டரி. அதன் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல 3 ஆம்பியர் ஃபியூஸ்.

5. பேட்டரிக்குப் பின் லோ-வோல்ட்டேஜ் கட்-ஆஃப் மாட்யூல். 11.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் துண்டித்துவிடும்.

6. கடைசியாக ஒரு பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர். பேட்டரி 13.6-லிருந்து 11.5 வரை இறங்கினாலும் இது நிலையாக 12 வோல்ட் தரும். அங்கிருந்து பெட்டிக்கு. உங்கள் பெட்டி 9 வோல்ட் அல்லது 5 வோல்ட் என்றால் இங்கே மாற்றி வைக்க வேண்டும்.

இதை எக்ஸ்சேஞ்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெக்டிஃபையரின் இடத்தில் அடாப்டரும் மாட்யூலும், எக்ஸ்சேஞ்சின் இடத்தில் நம் பெட்டி. அங்கே 24 செல்லுக்கு சுமார் 54 வோல்ட் ஃப்ளோட். இங்கே 6 செல்லுக்கு 13.6 வோல்ட். ஒரு செல்லுக்கு வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, 2.25 வோல்ட்!

கவனிக்க வேண்டியவை

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். முனைகள் இரண்டும் ஒட்டினால் இந்தச் சின்ன பேட்டரியே வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். ஃபியூஸ் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். பின்னின் நடுவில் பாசிட்டிவா, வெளியே பாசிட்டிவா என்று அடாப்டரில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து, மீட்டரிலும் சரிபார்த்த பிறகே செருகுங்கள்.

மெல்லிய வயர் ஆகாது. 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 0.7 ஆம்பியருக்கு 0.13 வோல்ட்தான் விழும். 0.2 சதுர மி.மீ. வயரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும்.

சாரல் ஈரத்தில் பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும். கொஞ்சம் வாசலின் தடவி வையுங்கள். அடுப்புப் பக்கமும் மூடிய பெட்டியும் வேண்டாம்; சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்னும், காற்றோட்டமும் வேண்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் செல்களைக் கொண்டு முதல் முயற்சி செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாவிட்டால் அவை தீப்பிடிக்கக் கூடியவை. "செய்ய நேரமில்லைடே" என்பவர்களுக்குக் கடையில் ரெடிமேடாக மினி யூபிஎஸ் கிடைக்கிறது; வாங்குமுன் மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. அப்படிப்பட்ட நாளுக்கு நம் 7 ஆம்பியர்-மணி போதாது. ஆனாலும் அந்த முதல் ஐந்து மணி நேரத்தில் ஒரு செய்தி அனுப்ப முடிந்தால், 'நாங்க நல்லாருக்கோம்' என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடலாமே.

நண்பர்களே, தென்காசிக்குப் பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ போன்ற நிறுவனம் இருக்கிறது. ஊரை விட்டுப் போகாமலே வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை நமக்கு வந்திருக்கிறது. அந்த நம்பிக்கை ஒரு கண்ணாடி இழையிலும் ஒரு சின்ன பேட்டரியிலும் தொங்குகிறது. நாம் படித்த ஓம் விதி தேர்வுத்தாளோடு முடிந்துபோக வேண்டாம். இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒன்று செய்யுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒன்று செய்து கொடுங்கள். சந்தேகம் இருந்தால் மூன்றாமாண்டு மின்னணுவியல் வகுப்பில் வந்து கேளுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.