மீத்திறன் மாணவரும் படிநிலைக் கல்வியும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது முன்னோர் வாக்கு. பிற்கால மேன்மைக்குரிய அறிகுறிகள் பிள்ளைப் பருவத்திலேயே தோன்றிவிடும் என்பது அதன் கருத்து. இதனை மறுப்பார் இலர். ஆயினும், தெரியும் என்ற சொல்லோடு, யாருக்குத் தெரியும் என்ற வினாவும் உடன் எழுகின்றது. நெல் ஒன்றையே பயிரிட்டுப் பழகிய உழவனுக்கு, வரப்போரம் முளைத்த சந்தனக் கன்றும் களையாகத் தோன்றக்கூடும். வகுப்பறையிலும் அவ்வாறே. ஆசிரியர் எவ்வகை அறிவைக் காணப் பழகியிருக்கின்றாரோ, அவ்வகை அறிவே அவர் கண்ணில் முதலில் படும். மற்றவை இருந்தும் இல்லாதன போலாகிவிடும்.

மீத்திறன் மாணவர்க்கான கல்வி பற்றி உலக நாடுகளில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகளின் நடுநாயகமாக நிற்பது இந்தக் கேள்வியே எனலாம்.

டெர்மனின் வலையில் சிக்காத மீன்கள்

அமெரிக்க உளவியல் அறிஞர் லூயிஸ் டெர்மன் 1921ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் மிகு நுண்ணறிவுடைய சிறுவர் சிறுமியரைத் தேடத் தொடங்கினார். முதலில் ஆசிரியர்கள் தத்தம் வகுப்பின் சிறந்த மாணவர்களைக் குறித்துக் கொடுத்தனர். பின்னர் அவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை வைக்கப்பட்டது. இவ்வாறு 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் பேராசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தனர். ஆனால், சோதனைக்கு வந்தும் தேறாமல் விடப்பட்ட சிறுவர் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரசும், முறையே 1956இலும் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை.

ஒரே வலையால் எல்லா மீனையும் பிடித்தல் இயலாது என்பதே இதன் பாடம். இப்பாடம் மெல்ல மெல்லவே உணரப்பட்டது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளிக்கப்பட்ட மார்லண்ட் அறிக்கை, பொது அறிவுத்திறன் ஒன்றோடு நில்லாமல், தனிப் பாடத்திறன், படைப்பாற்றல், தலைமைப் பண்பு, கலைத்திறன் முதலியவற்றையும் மீத்திறனின் கூறுகளாக வகுத்தது. 1978இல் ஜோசப் ரென்சுலி என்னும் கல்வியாளர், சராசரிக்கு மேற்பட்ட திறமை, படைப்பாற்றல், எடுத்த வேலையில் விடாப்பிடி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் மீத்திறன் பிறக்கின்றது என்றார். மீத்திறன் என்பது பிறவியிலேயே முத்திரை குத்தி அனுப்பப்படும் பொருளன்று. தக்க வாய்ப்பும் தக்க வேலையும் அமையும்போது வெளிப்படுவது என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

புரோவர்ட் மாவட்டம் தந்த சான்று

வாய்ப்பு அமையாதபோது நிகழ்வது என்ன? இதற்கு ஐயமற்ற சான்று புளோரிடா மாநிலத்தின் புரோவர்ட் மாவட்டத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களுள் அஃது ஒன்று. அங்கே மீத்திறன் வகுப்பிற்குப் பிள்ளைகளை ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைப்பது வழக்கம். அதன் பிறகே உளவியலார் சோதிப்பர். மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பரும் இஸ்பானிய வழியினருமாக இருந்தும், மீத்திறன் மாணவர் எனக் கண்டறியப்பட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் அவர்களின் பங்கு 28 விழுக்காடாகவே இருந்தது.

2005ஆம் ஆண்டில் மாவட்டத்தார் ஒரு மாற்றம் செய்தனர். இரண்டாம் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சொற்களைச் சாராத உருவச் சோதனை ஒன்றை வைத்தனர். அதில் சிறந்தோரை உளவியலாரிடம் அனுப்பினர். தகுதி அளவு சிறிதும் தளர்த்தப்படவில்லை. பொதுவாக நுண்ணறிவு ஈவு 130ஆகவும், ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் 116ஆகவும் முன்பிருந்த எல்லையே நீடித்தது. ஆயினும் விளைவு வியப்பூட்டியது. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வின்படி, மீத்திறன் எனக் கண்டறியப்பட்ட ஏழைப் பிள்ளைகளின் வீதம் 180 விழுக்காடு உயர்ந்தது. இஸ்பானியப் பிள்ளைகளிடையே 130 விழுக்காடும், கறுப்பினப் பிள்ளைகளிடையே 80 விழுக்காடும் உயர்வு காணப்பட்டது. பெண் பிள்ளைகளும் முன்னர்க் குறைவாகவே பரிந்துரைக்கப்பட்டு வந்தமை தெரியவந்தது.

இப்பிள்ளைகள் 2005இல் திடீரென அறிவாளிகளாகிவிடவில்லை. அவர்கள் எப்பொழுதும் அவ்வகுப்புகளிலேயே அமர்ந்திருந்தனர். அவர்களை எவரும் பரிந்துரைக்கவில்லை, அவ்வளவே. வசதியுள்ள பெற்றோர் பள்ளிக்குச் சென்று கேட்டனர். தேவையானால் பணம் கொடுத்துத் தனியார் உளவியலாரிடமும் சோதிக்கச் செய்தனர். இரு வேலை பார்க்கும் தாய்க்கு அவ்வாறு கேட்கலாம் என்பதே தெரியாது.

பண்பாடறிந்த கல்வி எது?

ஆசிரியர்கள் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. திறமை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் உடை உடுத்தி வருகின்றது. ஒரு வீட்டில் துடுக்காகக் கேள்வி கேட்பது அறிவின் அடையாளம்; மற்றொரு வீட்டில் பெரியோர் முன் அடங்கியிருப்பதே பண்பு. வகுப்பில் கை உயர்த்தாத சிறுமி, வீட்டில் பாட்டிக்கு மருத்துவரின் ஆங்கிலத்தைத் தமிழிலும், மருத்துவருக்குப் பாட்டியின் தமிழை ஆங்கிலத்திலும் நொடியில் பெயர்த்துச் சொல்பவளாக இருக்கலாம். கடையில் தந்தைக்குத் துணைநிற்கும் சிறுவன் மனக்கணக்கில் சூரனாயிருந்தும், வினாத்தாளின் நீண்ட ஆங்கில வாக்கியத்தில் இடறி விழலாம்.

ஜேசன் கிரிசம், கிறிஸ்டோபர் ரெடிங் என்போர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகின்றது. தேர்வு மதிப்பெண் ஒத்திருந்தபோதும், கறுப்பின மாணவர் வெள்ளை மாணவரைவிட மீத்திறன் வகுப்பில் குறைவாகவே சேர்க்கப்பட்டனர். வகுப்பாசிரியரும் கறுப்பினத்தவராக இருந்த இடங்களில் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது. மாணவரின் வாழ்வை அறிந்த கண்ணுக்கு மாணவரின் திறமையும் தெரிகின்றது.

ஆகவே, பண்பாடறிந்த கல்வி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மேடையில் நடனம் ஆடவைப்பதன்று. தகுதியைத் தாழ்த்துவதுமன்று. மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியையும் வழக்கத்தையும் அனுபவத்தையும் அறிவின் முதலாகக் கொண்டு, அதன்மேல் கடினமான பாடத்தைக் கட்டுவதேயாகும். அமெரிக்கக் கல்வியறிஞர் ஜெனீவா கே 2000ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விரித்துரைப்பதும் இக்கருத்தே.

நான்கு படிகள்

கண்டறிந்த பின்னர்ச் செய்ய வேண்டுவது யாது? பழைய முறை எளியது: ஒரு கோடு கிழித்து, மேலிருப்போருக்கு எல்லாம், கீழிருப்போருக்கு ஒன்றுமில்லை என்பது. இதற்கு மாற்றாக டொனால்ட் டிரெபிங்கர் என்னும் அறிஞர் சேவைப் படிநிலைகள் நான்கினை வகுத்தார். முதற்படி எல்லார்க்கும் உரியது. இரண்டாம் படி பலர்க்கும், மூன்றாம் படி சிலர்க்கும், நான்காம் படி மிகச் சிலர்க்கும் உரியன. ஏணியில் அடிப்படியில் நின்றவரே அடுத்த படிக்கு ஏறுவதுபோல, முதற்படி எல்லார்க்கும் திறந்திருப்பதால், மறைந்த திறமை தானே வெளிப்பட வழி பிறக்கின்றது.

தமிழ் இல்லத்தின் வாசற்கோலத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். நேர்ப்புள்ளிக் கோலத்தில் நடு வரிசையில் 5 புள்ளி வைத்து, இருபுறமும் 3, 1 எனக் குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் 13 புள்ளிகள். இதனை வகுப்பிலுள்ள எல்லாரும் வைத்து எண்ணலாம், இது முதற்படி. நடு வரிசை 7 ஆனால் 25, 9 ஆனால் 41. அப்படியாயின் 11க்கு எத்தனை என்பதை வரையாமலே கூறுக என்றால், பலர் முயன்று 61 என்பர். இது இரண்டாம் படி. 13 என்பது 9உம் 4உம், 25 என்பது 16உம் 9உம், 41 என்பது 25உம் 16உம் சேர்ந்ததாய் அமைவது ஏன்? அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இரு வண்ணங்களை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தால், ஒரு வண்ணம் பெரிய சதுரமாகவும் மற்றது சிறிய சதுரமாகவும் சாய்ந்து நிற்பதைச் சிலர் கண்டு நிறுவுவர். இது மூன்றாம் படி. எந்தப் புள்ளியமைப்பைக் கையெடுக்காமல் ஒரே கம்பியாகச் சுற்றி முடிக்கலாம் என்று வாரக்கணக்கில் ஆராய்பவர் ஓரிருவர் இருக்கக்கூடும். அவர்களுக்குரியது நான்காம் படி. அவர்கள் செய்வது விளையாட்டன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணினியியல் ஆராய்ச்சிப் பொருளாக்கி 1974இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

படி என்பது மாணவர்க்குச் சூட்டும் பட்டமன்று. வேலையின் அளவே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கணக்கில் நான்காம் படியில் நிற்பவர் மொழியில் இரண்டாம் படியில் நிற்கலாம். கணித மேதை இராமானுசன் கும்பகோணம் கல்லூரியில் கணக்கிலேயே மூழ்கி, ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடலே அவரைக் காத்தது. எல்லாப் பாடங்களுக்கும் ஒரே வாயில் வைத்த கல்விமுறை அவரை உள்ளே விடவில்லை.

சிங்கப்பூரின் மாற்றம்

சிங்கப்பூரில் மீத்திறன் கல்வித் திட்டம் 1984இல் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் இரு கட்டத் தேர்வு வைத்து, ஏறத்தாழ 1 விழுக்காட்டு மாணவரைத் தேர்ந்து, நான்காம் வகுப்பிலிருந்து தனி வகுப்பில் கற்பிப்பது அதன் முறை. இத்தகைய வகுப்புகள் ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் நடந்தமையால், தேறிய பிள்ளைகள் பலர் பழகிய பள்ளியையும் தோழரையும் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் இத்திட்டத்தின் மாற்றத்தை அறிவித்தார். எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் உயர்திறன் மாணவரைக் கண்டு வளர்க்கும் ஆற்றல் பெறும். பிள்ளைகள் தத்தம் பள்ளியிலேயே பயில்வர். மேலும் நாடுவோர் அருகிலுள்ள பள்ளியில் பிற்பகல் வகுப்புகளில் சேரலாம் என்பது அதன் சாரம். 2024இல் முதல் வகுப்பில் சேர்ந்தோர் 2027இல் நான்காம் வகுப்பை எட்டும்போது புதிய முறை நடைமுறைக்கு வருவதாகவும், ஒவ்வோர் ஆண்டு மாணவருள் 10 விழுக்காட்டினர் வரை பயன்பெறுவதாகவும் திட்டமிடப்பட்டது. ஒற்றைக் கோட்டிலிருந்து பல படிகளுக்குச் செல்லும் பெயர்ச்சி இது.

புதிய முறையில் தேர்வு மதிப்பெண்ணோடு, ஆசிரியரின் கவனிப்பும் மாணவரின் அன்றாட ஆக்கங்களும் சேர்த்து எண்ணப்படும். இது நன்மையே. ஆயினும் புரோவர்ட் தந்த பாடம் இங்கே எச்சரிக்கையாக நிற்கின்றது. ஆசிரியர் கண் கூர்மையானால் தேர்வு தவறவிட்டவரை அது மீட்கும். பழகிய சாயலையே தேடுமானால் பழைய பிழையையே பெருக்கும். தமிழாசிரியரின் பங்கு இவ்விடத்தில் தனிச் சிறப்புடையது. ஆங்கிலப் பாடத்தில் ஊமையாயிருக்கும் பிள்ளை தமிழ் வகுப்பில் வாதிடுவதையும், கதை கட்டுவதையும், விடுகதைக்குப் புது விடுகதை தொடுப்பதையும் காண்பவர் அவரே. அதனைத் தேதியோடு குறித்துவைத்து, பிள்ளையின் எழுத்தையும் சேர்த்து மற்ற ஆசிரியரிடம் காட்டினால், அது சான்றாகும்.

மலேசியாவிலும் இதற்கு இடமுண்டு. தமிழ்ப்பள்ளியை முடிக்கும் பிள்ளைகளுள் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் பெராலிஹான் எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில்கின்றனர். மொழியில் பின்தங்கியோர் சிந்தனையிலும் பின்தங்கியோர் என்று எண்ணிவிடாமல், அவ்வோராண்டிலும் அவர்தம் கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய உயர்ந்த படி வேலையைக் கொடுத்து வருதல் வேண்டும்.

இரண்டு ஐயங்கள்

திறமையுடையோர் எப்படியும் முன்னேறுவர். அவர்களுக்கெதற்குத் தனி உதவி என்பர் சிலர். வீட்டில் நூலும் வழிகாட்டியும் உள்ளோர்க்கு அக்கூற்று ஓரளவு பொருந்தும். இல்லாதவர்க்குப் பள்ளியே ஒரே வழி. மற்றப் பிள்ளைகள் பாதிக்கப்படுவரே என்பது இரண்டாம் ஐயம். புரோவர்ட் பள்ளிகளின் தனி வகுப்புகளில் மீத்திறன் மாணவர் போக எஞ்சிய இடங்கள், முந்தைய ஆண்டுத் தேர்வில் சிறந்தோரைக் கொண்டு நிரப்பப்பட்டன. கார்டும் ஜூலியானோவும் இதனையும் ஆராய்ந்து, அவ்வாறு சேர்ந்த கறுப்பின, இஸ்பானிய மாணவர் வாசிப்பிலும் கணக்கிலும் பெரிதும் முன்னேறினர் என்றும், வெளியே நின்றவர்க்குத் தீங்கு நேரவில்லை என்றும் கண்டனர். இடத்தை விரிப்பது எவர் பங்கையும் குறைப்பதன்று.

புரோவர்டின் கதையில் சொல்லாது விட்ட பகுதி ஒன்றுண்டு. 2010ஆம் ஆண்டில் நிதி நெருக்கடியால் அனைவர்க்குமான சோதனை நிறுத்தப்பட்டது. பழைய ஏற்றத்தாழ்வு மீண்டும் முன்போலவே தலையெடுத்தது. ஐந்தாண்டுகள் கண்டறியப்பட்ட பிள்ளைகளைப் போன்றோர் அடுத்த ஆண்டும் அதே வகுப்புகளுக்கு வந்தனர், தேடுவார்தாம் இல்லை. தேடல் ஓராண்டு நின்றாலும், அவ்வாண்டில் இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்பருவம் மீண்டும் வருவதில்லை.