குழந்தையின் அச்சத்துக்கு ஒரு பெயர்

இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் ஆறு வயதுக் குழந்தை, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வது அரிது. வயிறு வலிக்கிறது என்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடிக்கிறது. காரணமின்றித் தம்பியை அடிக்கிறது. உடனிருப்போர் அதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டுகின்றனர். அல்லது "வலிக்கவே வலிக்காது" என்று தேற்றுகின்றனர். ஆனால் ஊசி வலிக்கிறது. அடுத்த முறை அக்குழந்தை ஊசிக்கு மட்டுமன்றி, பெரியவர்களின் சொல்லுக்கும் அஞ்சுகிறது.

தன்னுள் எழும் உணர்வை அறிந்து, அதைப் பெயரிட்டுச் சொல்லக் குழந்தைக்கு உதவும் வழிகளுள் ஒன்று மனக்கவனப் பயிற்சி. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் இது, இக்கணத்தில் உடலிலும் மனத்திலும் நிகழ்வதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பளிக்காமல் கவனிப்பதாகும். பௌத்தத் தியான மரபில் வேர்கொண்ட இம்முறையை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979ஆம் ஆண்டு ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்கான பயிற்சியாக வடிவமைத்தார். குழந்தைகளுக்கேற்ற வடிவங்கள் பின்னர் உருவாயின.

உடல் தரும் செய்தி

உணர்வு முதலில் உடலில்தான் தெரிகிறது. நம் பேச்சுவழக்கே இதற்குச் சான்று: வயிற்றில் புளியைக் கரைக்கிறது, தொண்டை அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறோம். ஆகவே "ஏன் அழுகிறாய்?" என்று கேட்பதைவிட, "உடம்பில் எந்த இடத்தில் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்பது குழந்தைக்கு எளிது. அது வயிற்றைத் தொட்டுக் காட்டினால், "அது பயமாக இருக்குமோ? கோபமா? ஏக்கமா?" என்று சொற்களை எடுத்துக் கொடுக்கலாம், தேர்ந்தெடுப்பது குழந்தையாக இருக்கட்டும்.

பெயரிடுவதால் பயனுண்டு. உணர்ச்சி ததும்பும் முகப்படங்களைப் பார்த்துப் பெரியவர்கள் அவ்வுணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் செயல்பாடு குறைந்ததை 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

மூன்று எளிய பயிற்சிகள்

பொம்மைக்குத் தாலாட்டு: குழந்தையைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் சிறு பொம்மையை வையுங்கள். மூச்சில் பொம்மை மெல்ல ஏறி இறங்குவதைச் சேர்ந்து பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

மணியோசை: மணியையோ கிண்ணத்தையோ ஒருமுறை தட்டுங்கள். ஓசை முற்றும் அடங்கியதும் குழந்தை கையை உயர்த்த வேண்டும்.

விரல் மலை: ஒரு கையின் விரல்களை மறுகைச் சுட்டுவிரலால் வருடி, ஏறும்போது மூச்சை இழுத்து, இறங்கும்போது விட வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்தபடியே இதைச் செய்யலாம்.

இவற்றை ஊசி போடும் அறையில் முதன்முதலாகக் கற்பிக்க இயலாது. மனம் அமைதியாக உள்ள நாள்களில், உறங்கும் முன் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

இப்பயிற்சி எல்லார்க்கும் ஏற்ற மருந்தன்று. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடையே நடந்து 2022இல் வெளியான ஆய்வு, வகுப்பு முழுமைக்கும் இதைக் கற்பித்தது வழக்கமான உணர்வுநலக் கல்வியைவிடக் கூடுதல் பயன் தரவில்லை என்று கண்டது. மாணவர் பலர் வீட்டில் பயிற்சியைத் தொடரவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. எனவே கட்டாயப்படுத்த வேண்டா. கண்களை மூட அஞ்சும் குழந்தை திறந்தே வைத்திருக்கட்டும். மூச்சுத்திணறல் உள்ளபோதும், வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த பின்னும் மூச்சுப் பயிற்சியை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

வலிக்குரிய சிகிச்சைக்கு இது மாற்றாகாது. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு பயன்படுமா என்று செவிலியரிடம் கேளுங்கள். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், நான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்துவது இப்பயிற்சியின் நோக்கமன்று. அழுதுகொண்டே "பயமாக இருக்கிறது" என்று குழந்தை சொன்னால், அதுவே பெரும் முன்னேற்றம்.

குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தே சூழலை அளக்கிறது. அறைக்குள் நுழையுமுன் நீங்களும் மூன்று முறை நிதானமாக மூச்சு விடுங்கள். "அம்மாவுக்கும் கொஞ்சம் கவலையாக இருக்கிறது, சேர்ந்தே மூச்சு விடலாமா?" என்று சொல்வதில் தவறில்லை.

உறக்கமின்மை, உணவு மறுப்பு, எவரோடும் பேசாதிருத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். குழந்தை தன்னைத் துன்புறுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். பராமரிப்பாளராகிய உங்களுக்கும் அந்த உதவி உண்டு.